முகம் உள்ளே போகும்படி மடிக்கணும்

துணியில் ஒரு மனிதரின் முகத்தை அச்சடிப்பதில் கண்தான் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கண் சுலபம். ஒரு கறுப்பு, சுற்றி ஒரு வெள்ளை, மீதியைப் பார்க்கிறவர்களே போட்டுக்கொள்வார்கள். மூக்குதான் உயிரை எடுக்கும். மூக்குக்குக் கோடு கிடையாது, ஒரு பக்கமாகக் கொஞ்சம் நிழல், அவ்வளவுதான், அந்த நிழலை ரெண்டு மூன்று கலருக்குள் புள்ளி புள்ளியாகத் துணியில் இறக்க வேண்டும். பேஸ்ட் கொஞ்சம் தண்ணியாகிவிட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மூக்கும் கன்னமும் ஒரே கறையாகிவிடும். கெட்டியாகிவிட்டால் பேஸ்ட் இறங்குகிற வலைச் சட்டமான ஸ்கிரீன் அடைத்துக்கொண்டு பாதிப் புள்ளி விழாது, ஆள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவர் மாதிரி வெளிறிப்போவார். அதுவும் அந்த ஆள் ஒரு நாட்டையே நிறுவியவர், முகம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க மில்லில் இருக்கிற அத்தனை பேரும் ஏதாவது ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டு மேஜைப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்றால், கை எப்படி நடுங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் ஈரோட்டுக்காரன். பதினோரு வருஷம் அங்கே பிரிண்டிங் பட்டறையில் இருந்தேன். பெட்ஷீட்டில் ரோஜா, தலையணை உறையில் மயில், லுங்கியில் கட்டம் என்று எவ்வளவோ அடித்திருக்கிறேன், ஒரு முகம் அடித்ததில்லை. 2007இல் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ஒரு மில்லுக்கு பிரிண்டிங் சூப்பர்வைசராகப் போனேன், 2013 வரை அங்கே இருந்தேன். திரும்பி வந்து இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால் கடலும் காடும் சிங்கமும் எனக்கு ஞாபகம் வருவதில்லை. காங்காதான் வருகிறது.

காங்கா என்பது நம் ஊர்ச் சேலை, துண்டு, தொட்டில், போர்வை எல்லாம் சேர்ந்த ஒரு பருத்தித் துணி. சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட அகலம். எப்போதும் ஜோடியாகத்தான் விற்பார்கள், ரெண்டும் வெட்டாமல் ஒட்டியபடி வரும், வாங்கியவர்கள் வெட்டி ஓரம் தைத்துக்கொள்வார்கள். அந்த ஜோடிக்குப் பெயர் டோட்டி. ஆமாம், நம் பக்கத்துத் தோத்திதான், வியாபாரிகளோடு கப்பலேறிப் போய் அங்கே வேறு துணிக்குப் பெயராகிவிட்டது. ஒன்றை இடுப்பில் சுற்றுவார்கள், இன்னொன்றைத் தோளிலோ தலையிலோ போடுவார்கள். நாலு பக்கமும் பட்டையாக ஒரு கரை, அதை அந்த ஊர்ச் சுவாஹிலி மொழியில் பிண்டோ என்பார்கள். நடுவில் இருக்கிற பகுதிக்கு ம்ஜி என்று பெயர், அந்தச் சொல்லுக்கு ஊர் என்று அர்த்தம். அந்த ஊருக்குக் கீழே, கரையை ஒட்டி, ஒரு வரி எழுத்து. அந்த வரியை ஜினா, அதாவது பெயர், என்பார்கள். பூவையும் கலரையும் பார்த்து மயங்கி நான் வாங்கிய முதல் காங்காவை மில்லில் ஒரு பெண் எழுத்தை முதலில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொன்னாள். எழுத்து சரியில்லாத காங்காவை எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். "நானி காமா மாமா", அம்மாவைப் போல யார், என்கிற வரி எல்லாக் காலத்திலும் ஓடும். பக்கத்து வீட்டுக்காரியிடம் வாய்திறந்து சொல்ல முடியாததை அவள் கண்ணில் படும்படி இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணி எடுக்கப் போவதும் உண்டு.

இதன் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. சான்சிபார், மொம்பாசா கரையோரப் பெண்கள் கைக்குட்டைத் துணியை ஆறு ஆறாகச் சேர்த்துத் தைத்து உடுத்தியதிலிருந்து வந்தது என்பார்கள். அதனால்தான் கென்யாக் கரையில் இன்றும் இதற்கு லெசோ என்று பெயர், கைக்குட்டைக்கான போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. காங்கா என்றால் கினிக்கோழி, முதலில் வந்த துணிகளில் அந்தக் கோழி மேல் இருப்பது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்ததாம். வியாபாரம் பெரும்பாலும் குஜராத்திகள் கையில். மொம்பாசாவில் காதர்தினா ஹாஜி எஸ்ஸாக் 1887இல் தொடங்கிய கடையின் 'மாலி யா அப்துல்லா' முத்திரை போட்ட காங்கா இன்றுவரை கிடைக்கிறது. துணி மட்டும் மான்செஸ்டரிலிருந்து வந்தது, அப்புறம் ஜப்பானிலிருந்து வந்தது, இந்தியாவிலிருந்து வந்தது. வாசகம் மட்டும் எப்போதும் உள்ளூர்தான். தார் எஸ் சலாமின் உஹுரு தெருவில் மொத்தக் கடை வைத்திருந்த ஒரு குஜராத்திப் பெரியவர், பெண்கள் வந்து தங்களுக்கு வேண்டிய வரியைச் சொல்லிவிட்டுப் போவார்கள், அதை நோட்டில் எழுதிவைத்துக்கொள்வேன் என்று எனக்கு அந்த நோட்டையே காட்டியிருக்கிறார்.

சரி, முகத்துக்கு வருகிறேன்.

இந்த நடு ஊரில், மாம்பழமும் முந்திரியும் சேவலும் இருக்க வேண்டிய இடத்தில், எப்போது ஒரு தலைவரின் முகம் குடியேறியது? அவர்கள் நாட்டுச் சுதந்திரத்தோடு என்றுதான் சொல்ல வேண்டும். தங்கனிகா, இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி, 1961 டிசம்பர் 9 அன்று விடுதலை பெற்றது, அந்த இரவில் கிளிமஞ்சாரோ உச்சியில் ஒரு தீப்பந்தம் ஏற்றினார்கள், அந்தப் பந்தம் காங்காவில் ஏறியது, கொடி ஏறியது, நாட்டை விடுதலைக்கு நடத்திய ஜூலியஸ் நைரேரே ஏறினார். ஆப்பிரிக்காவில் அந்த வருஷங்களில் எங்கே பார்த்தாலும் இதுதான் நடந்தது. கானாவில் என்குருமா, ஜாம்பியாவில் கவுண்டா, மொசாம்பிக்கில் பிற்பாடு சமோரா மஷேல். துணியின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், ஜாம்பியாவில் சிட்டேங்கே, மொசாம்பிக்கில் கபுலானா, ஆனால் வட்டத்துக்குள் ஒரு முகம், மேலே ஒரு தேதி, கீழே ஒரு வரி என்கிற அமைப்பு மாறாது. படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்த நாட்டில், பத்திரிகை போகாத கிராமத்துக்கும் துணி போகும். புது நாட்டின் அதிபர் எப்படி இருப்பார் என்று பல ஊர்கள் முதலில் பார்த்தது ஒரு பெண்ணின் முதுகில்தான்.

முதுகு என்று சொன்னது சும்மா இல்லை. காங்காவை இடுப்பில் சுற்றினால் நடுப்பகுதி எங்கே போய் விழும் என்று பாருங்கள். பின்பக்கம். அங்கே அதிபரின் முகம் இருந்தால், உட்காரும்போது அவர் மேல்தான் உட்கார வேண்டும். எனவே முகம் போட்ட காங்காவைப் பெரும்பாலும் மேலே, தோளைச் சுற்றிப் போடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை, ம்வான்சா பக்கத்துக்காரர், சுக்குமா இனம். நைரேரேயும் அரசியலுக்கு வருமுன் ஆசிரியராக இருந்தவர், அதனால் நாடே அவரை ம்வாலிமு, வாத்தியார், என்றுதான் சொல்லும். இந்த அம்மாவையும் தெருவே ம்வாலிமு என்று கூப்பிடும், எனக்கு அவர் வாத்தியாரம்மா. அவர் ஒருமுறை சொன்னார்: "குழந்தையை எங்கே கட்டிக்கொள்கிறோம்? முதுகில். அங்கே அவர் ஏறிக்கொள்ளலாம். இடுப்புக்குக் கீழே வேண்டாம்."

வாத்தியாரம்மாவின் தகரப் பெட்டியை நான் முதலில் பார்த்தது 2008 அக்டோபர் 14 அன்று. அது நைரேரே இறந்த நாள், அரசு விடுமுறை, மில் கிடையாது. காலையில் "ஷிகாமோ" என்று வணங்கிவிட்டு வாசலில் நின்றேன், பெரியவர்களுக்கு அங்கே அதுதான் வணக்கம், அவர் "மரஹபா" என்று சொல்லிவிட்டு உள்ளே வரச் சொன்னார். பெட்டியைத் திறந்ததும் கிராம்பு வாசம். பூச்சி வராமல் இருக்கச் சான்சிபார் கிராம்பைத் துணியில் முடிந்து மூலைக்கு ஒன்றாகப் போட்டிருந்தார். அடியிலிருந்து எடுத்த முதல் காங்கா அவருடைய அம்மாவுடையது, சுதந்திரத்தை ஒட்டி வந்தது, தீப்பந்தமும் 'உஹுரு' என்ற சொல்லும், ஜப்பானில் அச்சடித்தது. என் கை தானாகத் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தது, தொழில் புத்தி. கலர் பின்பக்கம்வரை இறங்கியிருந்தது, கரையின் நேர்கோட்டில் ஒரு நூல் அளவுகூடப் பிசகில்லை. நாற்பத்தேழு வருஷத்துக்கு முந்தின வேலை, இன்றைக்கு எந்த மேஜையில் போட்டாலும் நான் பாஸ் பண்ணியிருப்பேன்.

ரெண்டாவது 1999இல் வந்தது. நைரேரே அந்த அக்டோபரில் லண்டனில் ஒரு மருத்துவமனையில் இறந்தார், உடலைக் கொண்டுவந்து அவர் பிறந்த ஊரான புட்டியாமாவில் அடக்கம் செய்தார்கள். அந்த நாட்களில் அவசர அவசரமாக அச்சடித்த துணி. நடுவில் அவர் முகம், 1922–1999, 'பாபா வா தைஃபா', தேசத்தின் தந்தை, என்ற வரி. அச்சு சுமார்தான். மூக்கு கரைந்துபோயிருந்தது. ஆனால் வாத்தியாரம்மா அந்தத் துணியை ரெண்டு கையாலும் விரித்த விதத்தைப் பார்த்தபோது அதைப் பற்றி வாய் திறக்க எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அவரே சொன்னார். எண்பதுகளின் தொடக்கத்தில் நாட்டில் எதுவும் கிடைக்காது. எண்ணெய் விலை ஏறியது, உகாண்டாவோடு நடந்த போர் கஜானாவைக் காலி பண்ணியது, கூட்டுக் கிராமத் திட்டத்தில் விளைச்சல் சரிந்தது. சோப்பு இல்லை, சர்க்கரை இல்லை, காங்கா இல்லை. ஒரு டோட்டிக்காக விடியுமுன் வரிசையில் நின்று, தன் முறை வருவதற்குள் தீர்ந்துபோய், வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போன நாள் உண்டு என்றார். "யாருடைய ஆட்சியில்?" என்று கேட்டேன், தெரிந்துதான் கேட்டேன். அவர் மடியில் விரித்திருந்த முகத்தைக் காட்டினார். "இவருடைய ஆட்சியில்தான். ஆனால் அவர் வீட்டிலும் ஒன்றும் சேரவில்லை, தம்பி. 1985இல் தானாக இறங்கி ஊருக்குப் போய் விவசாயம் பார்த்தார். எங்களுக்கு இல்லாதபோது அவருக்கும் இல்லை." அவருடைய கணக்கு அது. பொருளாதாரம் படித்தவர்கள் வேறு கணக்குச் சொல்லலாம், அதிலும் நியாயம் இருக்கும், ஆனால் வரிசையில் நின்றவர் அவர்.

பெட்டிக்கு வெளியே, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தவை வேறு ரகம். பச்சையும் மஞ்சளும், ஆளுங்கட்சிக் கலர், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுக்கு முன்னால் வருகிறவை. அவற்றில் ஒன்றால் சூடான பாத்திரத்தை இறக்குவார், ஒன்று கால்மிதியாகக் கிடந்தது. தேர்தல் நேரத்தில் வேட்பாளர் காங்காவும் டிஷர்ட்டும் சோறும் கொடுப்பதற்கு அங்கே தக்ரிமா, விருந்தோம்பல், என்று ஒரு கௌரவமான பெயர் இருந்தது. 2000இல் சட்டத்திலேயே அதற்கு இடம் கொடுத்தார்கள். அது செல்லாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, காசுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் போட்டி சமமாக இருக்காது என்பதுதான் விஷயம். தீர்ப்புக்கு அப்புறமும் துணி வராமல் போகவில்லை. ஒரே வீட்டில், ஒரே மாதிரி நெய்த பருத்தியில், ஒரு முகம் கிராம்பு வாசத்துக்குள்ளும் இன்னொரு முகம் அடுப்புப் பக்கத்திலும் இருப்பதை நான் அன்றைக்கு முழுசாகக் கவனித்தேன். அரசாங்கம் எத்தனை லட்சம் மீட்டர் வேண்டுமானாலும் அடித்துக் கொடுக்கலாம், எது எங்கே போக வேண்டும் என்பதை அந்த அம்மாதான் தீர்மானிக்கிறார்.

அந்த அதிகாரம் இல்லாமல் போன இடங்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து நாடான மலாவியில் ஹேஸ்டிங்ஸ் பாண்டா முப்பது வருஷம் ஆண்டார், 1994 வரை. அவர் எந்த ஊருக்குப் போனாலும் அவர் முகம் போட்ட துணியை உடுத்திக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்று ஆட வேண்டும். விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. வயலில் வேலை கிடக்க, கைக்குழந்தையோடு வந்து வெயிலில் காத்திருந்தவர்கள் அந்தப் பெண்கள். எங்கள் மில்லில் மலாவியிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் இருந்தார், நாங்கள் முகம் அடித்த நாட்களில் அவர் மட்டும் அந்த மேஜைப் பக்கம் வரவே இல்லை. காரணத்தை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது.

கானாவில் நடந்தது எனக்குப் பிடித்த கதை. என்குருமா 1957இல் எகிப்துக்காரரான ஃபாதியாவைத் திருமணம் செய்துகொண்டபோது, நெசவாளர்களின் கெந்தே துணியில் ஒரு டிசைனுக்கு 'ஃபாதியா ஃபாத்தா என்குருமா', ஃபாதியாதான் என்குருமாவுக்குப் பொருத்தம், என்று பெயர் வந்தது. 1966 பிப்ரவரியில் அவர் வெளிநாட்டில் இருக்கும்போது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டிசைன் மாறவில்லை, நூல் மாறவில்லை, கலர் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. 'ஒபாக்கோஃபோ ம்மு மன்', ஒரே ஆள் நாட்டை ஆள முடியாது. அது கைத்தறி, அதில் முகம் கிடையாது, அதனால் பெயரை மாற்ற முடிந்தது. அச்சடித்த முகத்தை என்ன பண்ணுவது?

அந்தக் கேள்வி எங்கள் மில்லிலேயே வந்தது, 2009இல். நைரேரேயின் பத்தாம் ஆண்டு நினைவுக்கு ஒரு ஆர்டர். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மூக்கு அவருடையதுதான். அவருக்குச் சின்னதாக ஒரு மீசை உண்டு, மூக்குக்கு நேர்கீழே, அதுதான் எங்களைக் காப்பாற்றியது, நிழல் கொஞ்சம் மங்கினாலும் மீசை மூக்கு எங்கே முடிகிறது என்று காட்டிவிடும். ரோட்டரி மெஷினில் எங்களிடம் இருந்த உருளையின் சுற்றளவு 64 சென்டிமீட்டர், பூ என்றால் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், ஆனால் ஒரு காங்காவுக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய வட்டம் வேண்டும் என்றால் அது போதாது. எனவே ஃபிளாட்பெட். காடாத் துணியை வெளுத்து, காயவைத்து, பெல்ட்டில் ஒட்டி, ஒரு ஸ்கிரீன் இறங்கி ஏறும், துணி நகரும், அடுத்த ஸ்கிரீன். முதலில் மஞ்சள், அப்புறம் பச்சை, கடைசியில் கறுப்பு. கறுப்பு விழுகிறவரை அது வெறும் திட்டுத் திட்டான கலர், யாருடைய முகமும் இல்லை. கறுப்பு ஸ்கிரீன் மேலே எழும்பும்போது, ஒரு நொடியில், அங்கே ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். நூறாவது தடவை பார்த்தாலும் வயிற்றில் ஏதோ பண்ணும். பிக்மென்ட் பேஸ்ட்டில் கலக்கிற மண்ணெண்ணெய் வாசம், ஸ்கிரீன் தூக்கும் சத்தம், அந்த முகம், மூன்றும் எனக்கு ஒன்றாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் நாள் ராத்திரி ஷிஃப்டில் பெல்ட் வழுக்கிவிட்டது. யாரும் கவனிக்குமுன் முந்நூறு மீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. கறுப்பு மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது. கரையில் அது பெரிசாகத் தெரியாது, முகத்தில் தெரியும். மேலுதட்டில் ஒரு வெள்ளை விளிம்பு, ஒரு கண் சற்றே கீழே. கடைக்கு அனுப்ப முடியாது. ஈரோட்டில் இதற்கு யோசனையே தேவையில்லை, செகண்ட்ஸ் போகாது என்றால் கிழித்து வேஸ்ட்டாகக் கிலோக் கணக்கில் போட்டுவிடுவோம், மெஷின் கிரீஸ் துடைக்க ஆகும். காலையில் வந்ததும் அதைத்தான் சொன்னேன், கிழித்துக் கட்டுங்கள் என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. நான்கு பையன்கள், கத்தரி கையில் இருக்கிறது, துணி மேஜையில் இருக்கிறது. சத்தமில்லை. யாரோ போய் ம்ஸேயைக் கூட்டிவந்தார்கள். ம்ஸே என்றால் பெரியவர், மில்லில் அவரை வேறு பெயரில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சீன உதவியோடு 1968இல் நைரேரே திறந்துவைத்த ஃபிரெண்ட்ஷிப் மில்லில், ஊர் அதை உராஃபிகி என்று சொல்லும், அங்கே சின்ன வயதில் வேலை கற்றவர். அவர் வந்து முதலில் என்னிடம் பேசவில்லை, துணியிடம் போனார். மேலே இருந்த ஒன்றை எடுத்து, முகம் உள்ளே போகும்படி நான்காக மடித்து, அருகில் துடைத்து வைத்திருந்த மரப்பலகைமேல் வைத்தார். அடுத்ததை எடுத்தார். மூன்றாவதை எடுக்கும்போது பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் ஒன்றைக் கொடுத்து, எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டினார். "முகம் உள்ளே போகும்படி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவும் இல்லை, விளக்கவும் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. நம் வீட்டில் சாமி படம் போட்ட காலண்டரைக் குப்பையில் போடுவோமா? பழைய பஞ்சாங்கத்தைக்கூட ஆற்றில்தானே விடுகிறோம்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒருவர் வந்து மடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மேனேஜரிடம் நானே போய்ப் பேசினேன். கடைசியில் எல்லாவற்றையும் கறுப்புச் சாயத்தில் முக்கினோம். ஆனால் பிக்மென்ட் அடித்த இடத்தில் சாயம் முழுசாகப் பிடிக்காது, மேலே பசை மாதிரி ஒரு படலம் இருக்கும். காய்ந்து வந்தபோது கறுப்புக்கு அடியில், சாய்த்துப் பிடித்தால், முகம் லேசாகத் தெரிந்தது. தள்ளிப்போன கண் தெரியவில்லை. ம்ஸே ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, வேண்டுகிறவர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்நிய முகங்களும் வந்துபோயின. 2008 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் புஷ் வந்தபோது வரவேற்று ஆடிய பெண்களின் உடையில் அவர் படம் இருந்தது, உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அந்தப் போட்டோ வந்தது. அவர் போனார், துணியும் போனது. அதே வருஷம் நவம்பரில் ஒபாமா ஜெயித்தபோது நடந்தது வேறு. அவர் அப்பா கென்யாக்காரர், எனவே கரையோரம் முழுக்கத் தங்கள் வீட்டுப் பையன் ஜெயித்த மாதிரி கொண்டாட்டம். நடுவில் ஒபாமா முகம், மேலே 'ஹோங்கெரா பராக் ஒபாமா', வாழ்த்துகள், கீழே 'உபெண்டோ நா அமானி அமெதுஜாலியா முங்கு', அன்பையும் அமைதியையும் கடவுள் நமக்கு அருளினார். இந்தக் கீழ்வரியைப் பாருங்கள். இதில் அமெரிக்காவும் இல்லை, தேர்தலும் இல்லை. கல்யாண வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போகலாம், பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கலாம். காங்கா தெரிந்தவர் எழுதிய வரி அது. உஹுரு தெருப் பெரியவரிடம் நானும் ஒரு டோட்டி வாங்கினேன், ஒன்று ஈரோட்டில் என் அம்மாவிடம் இருக்கிறது.

இவ்வளவு முகங்களில் நான் தேடிக் காணாத ஒன்று பிபி டிட்டி முகம்மது. 1950களில் நைரேரேயின் டானு கட்சிக்குப் பெண்களைத் திரட்டியவர் அவர், கட்சியில் ஆண்களே தயங்கி நின்ற காலத்தில் பாட்டுக் குழுக்களில் இருந்த பெண்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார், அவர்கள் காங்கா கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்துதான் கட்சி கட்சியானது. பின்னால் அவர் மேலேயே தேசத்துரோக வழக்குப் போட்டு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், 1972இல் நைரேரே மன்னித்து விடுவித்தார். 2000இல் இறந்தார். எந்தப் பெட்டியிலும், எந்தக் கடையிலும் அவர் முகம் போட்ட காங்கா என் கண்ணில் பட்டதில்லை. வாத்தியாரம்மாவிடம் கேட்டேன். "அவள் காங்காவில் இருக்க மாட்டாள், காங்காவைக் கட்டியிருப்பாள்," என்றார். அந்தப் பதில் அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை. துணியை உடுத்தி ஒரு நாட்டை நடத்திக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தியாவது அந்த வட்டத்துக்குள் இருந்திருக்க வேண்டும், 2021இல் சாமியா சுலுஹு ஹசன் அதிபராகி அவர் முகம் துணியில் வருகிறவரை ஒரு தலைமுறை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

சாமியா அதிபரானது அவருக்கு முன் அதிபராக இருந்த மகுஃபுலி பதவியில் இருக்கும்போதே இறந்ததால். 2021 மார்ச் 17. மகுஃபுலியைப் பற்றி ரெண்டு விதமாகவும் சொல்வார்கள், ரோடு போட்டார், லஞ்சத்தை ஒடுக்கினார் என்பார்கள், பத்திரிகைகளை மூடினார், கொரோனாவே இல்லை என்றார் என்பதும் உண்மை. வாத்தியாரம்மாவுக்கு அவர் தங்கள் பக்கத்துப் பிள்ளை, அதே விக்டோரியா ஏரிக்கரை. அதற்குள் வாத்தியாரம்மா தார் எஸ் சலாம் வீட்டை விட்டுவிட்டு ம்வான்சாவுக்கே போயிருந்தார். மகுஃபுலியின் உடலை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், 24ஆம் தேதி ம்வான்சாவுக்கு வந்தது. வண்டி போகிற வழியில் பெண்கள் தங்கள் காங்காக்களை ரோட்டில் விரித்தார்கள். நான் ஈரோட்டில் போனில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வாத்தியாரம்மாவைக் கூப்பிட்டேன். எண்பதை நெருங்கிய வயது, அவரும் போயிருந்தார், மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்.

எந்தக் காங்காவை விரித்தீர்கள் என்று கேட்டேன். மகுஃபுலி முகம் போட்ட தேர்தல் காங்கா ஒன்று வீட்டில் இருந்ததாம், பேத்தி அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தாளாம். "முகத்தின் மேல் வண்டி ஏறுமே," என்றார். அதனால் அதை மடித்துப் பேத்தியிடமே கொடுத்துவிட்டு, தோளில் போட்டிருந்ததை எடுத்து விரித்திருக்கிறார், முந்திரிக்கொட்டை டிசைன், சிவப்பு, தினமும் போடுவது. வண்டி போனதும் எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். டயர் தடம் ஒன்று குறுக்கே விழுந்திருக்கிறது, ரெண்டு தடவை துவைத்தும் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டால் போகுமா, நீதான் அந்த வேலைக்காரனாயிற்றே, என்று கேட்டார்.

போட்டால் போய்விடும், ஆனால் கலரும் கொஞ்சம் எடுக்கும் என்றேன். அப்படியானால் இருக்கட்டும் என்றார்.